பாவுக்கு அந்தப் பக்கம் விழுந்த பந்து

"கோப்பையே இல்லாம கோப்பை கொடுக்கிற விழாவை எப்படி மேடம் நடத்துவாங்க?"

ஜெகநாதன் கேட்டது நியாயமான கேள்விதான். மைக் ஆன் ஆகியிருந்ததைக் கவனிக்காமல் கேட்டதுதான் தப்பு. வேப்பமரத்தில் கட்டியிருந்த லவுட் ஸ்பீக்கர் அந்தக் கேள்வியைப் படவேடு ரோடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மேடைக்கு முன்னால் நாற்காலி விரித்துக்கொண்டிருந்தவர்கள் விரித்தது விரித்தபடி நின்றார்கள்.

சிறப்பு விருந்தினராக வந்திருந்த கமலாவதி மைக்கை அணைத்தாள்.

நாற்பதைத் தாண்டிய கமலாவதி வேலூரில் துப்பறியும் நிலையம் நடத்துபவள். குடையும் டிபன் கேரியரும் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. நயினார் குடும்பம், அதாவது தமிழ்ச் சமணர். பொழுது சாய்ந்த பிறகு ஒரு கவளம் உள்ளே போகாது. அதனால் எந்தக் கேஸாக இருந்தாலும் சூரியன் இறங்குவதற்குள் முடித்துவிடப் பார்ப்பாள். உதவியாளன் ஜெகநாதனுக்கு இரண்டு வேலை. ஒன்று, லாம்பி ஸ்கூட்டர் ஓட்டுவது. இன்னொன்று, ஓயாமல் பேசுவது. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது என்று அவள் பல தடவை சொல்லிவிட்டாள். அவனும் இலவசமாகவே செய்துகொண்டிருந்தான்.

"அக்கா, மானம் போகுது," என்று ஓடி வந்தான் பத்மகுமார். கமலாவதியின் சித்தி மகன். ஆரணியில் ஜரிகைப் புடவை வியாபாரமும், ரங்கசாமி கோல்ஃப் சங்கத்தின் செயலாளர் பதவியும் அவனுக்கு. "காலையில இருந்து தேடறோம். வெள்ளிக் கோப்பை. யார் எடுத்ததுன்னு தெரிஞ்சும் போச்சு. விழாவுக்கு இன்ஸ்பெக்டர் வர்றார், அவர் கையிலயே ஒப்படைச்சிடலாம்னு இருக்கேன்."

"யார் எடுத்தது?"

"கொட்டகையைப் பார்த்துக்கற தெய்வநாயகி."

சொல்லி முடிப்பதற்குள் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மைக் தேவைப்படாத குரல்.

"நயினாரே! எடுத்ததைப் பார்த்த மாதிரி பேசாதீங்க!"

ஆரணியில் கோல்ஃபா என்று மூக்கில் விரல் வைப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பட்டுக்கடை ரங்கசாமி ஒரு தடவை கச்சாப் பட்டு வாங்கப் பெங்களூர் போனார். அங்கே வேலிக்கு வெளியே நின்று, வெள்ளை பேன்ட் போட்ட பெரிய மனிதர்கள் ஒரு சின்னப் பந்தின் பின்னால் நடந்து போவதைப் பார்த்தார். பட்டு வாங்கினாரோ இல்லையோ, பித்தை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஊருக்கு வெளியே சும்மா கிடந்த தன் மேட்டு நிலத்தில் ஒன்பது குழி வெட்டினார். புல் முளைக்காத மண் என்பதால், குழியைச் சுற்றிக் கழிவு எண்ணெய் கலந்த மணலைப் போட்டு மட்டமாக இழுத்தார். புடவைக் கடைக்காரர்களும் ஜரிகைக்காரர்களும் சாயப்பட்டறை மேஸ்திரிகளும் ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஐந்தே வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆரணியில் பாதிக் கடை கல்லாவில் மருமகன்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சீமையில் எழுதின விதிப் புத்தகம் இந்த மண்ணுக்குச் சரிப்படவில்லை. அதனால் சங்கமே விதி எழுதி, ஒரு தகரப் பலகையில் பெயின்ட் அடித்துக் கொட்டகைக்கு வெளியே மாட்டியிருந்தது. ஜெகநாதன் அதன் முன்னால் நின்று உரக்கப் படித்தான்.

"'விதி 3. ஆடு பந்தை வாயில் கவ்வினால், துப்பிய இடத்திலிருந்து ஆடலாம். விழுங்கிவிட்டால் வேறு பந்து. ஆட்டுக்காரரோடு சண்டை கூடாது.' நல்லாருக்கு. 'விதி 5. புற்றை ஒட்டி விழுந்த பந்து நாகாத்தம்மனுக்குச் சொந்தம். யாரும் கை நீட்டக் கூடாது.' இதுவும் நியாயம். 'விதி 6. பந்து எறும்பு வரிசை மேல் நின்றால், வரிசை போகும்வரை காத்திருக்கவும்.' இதை எழுதின புண்ணியவான் யாரு?"

"நான்தான்," என்றான் பத்மகுமார்.

"அடுத்தது பெருசு. 'விதி 7. மரத்தடியில் பாவு நீட்டியிருக்கும்போது பாவைத் தாண்டக் கூடாது. குனிந்து அடியில் நுழையவும் கூடாது. பந்து பாவுக்கு அந்தப் பக்கம் போனால், ஆடுபவர் மட்டும் ஷூவைக் கழற்றிவிட்டுக் கிணற்றோரமாகச் சுற்றிப் போய் எடுத்துவந்து, அபராதம் இல்லாமல் ஆடலாம். மற்றவர்கள் இந்தப் பக்கமே நிற்கவும்.'"

இந்த ஏழாம் விதியைப் பலகையில் எழுதியிருக்கவே வேண்டாம். தறியில் ஏறுவதற்கு முன்னால் புடவையின் நீளவாட்டு இழைகளை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, பிரஷ்ஷால் நீவுவார்கள். அதுதான் பாவு. ஒரு இழை அறுந்தாலும் உழைப்பு பாழ். அது மட்டுமில்லை, அதைத் தாண்டுவது சோற்றைத் தாண்டுவது போல என்பது ஊர் வழக்கம். ஆரணியில் தண்ணி போட்டுவிட்டுத் தள்ளாடுகிறவன்கூடப் பாவைக் கண்டால் சுற்றிக்கொண்டுதான் போவான்.

"காலையில நடந்ததைச் சொல்லு," என்றாள் கமலாவதி.

பத்மகுமார் சொன்னான். இறுதி ஆட்டம் ரங்கசாமிக்கும் சாயப்பட்டறை மேஸ்திரி தணிகாசலத்துக்கும். விடியற்காலையில் ரங்கசாமியே கோப்பையைப் பட்டுத்துணியால் மூடிக் கொண்டுவந்து கொட்டகை மேஜைமேல் வைத்தார். பரிசு கொடுக்கும்போதுதான் துணியை எடுக்க வேண்டும் என்றார். பிறகு எல்லோரும் ஆட்டத்தின் பின்னால் போய்விட்டார்கள். ஏழாவது குழிக்கு வரும்போதே ரங்கசாமி தோற்பது உறுதியாகிவிட்டது. தணிகாசலம் ஜெயித்து, எல்லோரும் கைதட்டிவிட்டுக் கொட்டகைக்கு வந்தால் துணி இருக்கிறது, கோப்பை இல்லை.

"கொட்டகைக்கும் மைதானத்துக்கும் நடுவுல மரவரிசை. அதுல பாவு. ஒரு முனையில முள்வேலி, இன்னொரு முனையில கிணறு. வர்றதுன்னா கிணத்தாண்ட சுத்திதான் வரணும். கிணத்துல தண்ணி இறைச்சுகினு இருந்தது தெய்வநாயகி. யாரும் வரலைன்னு அவளே சொல்றா. அப்ப அவளைத் தவிர வேற யாரு அக்கா?"

தெய்வநாயகி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பயந்த பெண் இல்லை. ஆனால் கண் சிவந்திருந்தது.

"இத பாரும்மா. எனக்கு வெள்ளிக் கோப்பை எதுக்கு, கஞ்சி குடிக்கவா? இன்னைக்கு என் பொண்ணு காசியம்மாளுக்கு நிச்சய தாம்பூலம். கலசப்பாக்கத்துல இருந்து மாப்ள வீட்டுக்காரங்க பஸ் ஏறி வந்துகினு இருக்காங்க. ஆறு மணிக்கு இந்தக் கொட்டகைக்குப் பின்னால இருக்கற என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. சம்பந்தியம்மா எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க? ஜீப்புல இருக்காங்கன்னா? திருட்டுப் பட்டத்தோட என் பொண்ணை யாரும்மா கட்டுவாங்க?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அதை மறைக்க அவள் முந்தானையால் தகரப் பலகையைத் துடைத்தாள்.

"ஆறு மணியா?" என்றாள் கமலாவதி. "எனக்கும் அதுதான் கெடு. ஜெகநாதா, டிபன் கேரியரை எடு. சாப்பிட்டுகினே யோசிக்கலாம்."

அவர்கள் கொட்டகைக்குள் நுழைந்ததும், மூலையில் நாற்காலியில் சரிந்திருந்த ரங்கசாமி முனகினார். கட்டைக் குட்டையான மனிதர். முகத்தில் எப்போதும் இருக்கும் கல்லாச் சிரிப்பு இன்று காணவில்லை. "விட்டுடுங்களேம்மா. போனா போவுது. நானே வேற கோப்பை வாங்கித் தந்துடறேன். யாரையும் ஒண்ணும் பண்ண வேணாம்."

"பார்த்தீங்களா, எவ்ளோ பெரிய மனசு!" என்று பத்மகுமார் உருகினான்.

கமலாவதி இட்லியைப் பிட்டபடி மேஜையைப் பார்த்தாள். கோப்பையை மூடியிருந்த துணி அங்கேயே கிடந்தது. அரக்கு நிறம், சுத்தப் பட்டு, கையகல ஜரிகை. நாலாக மடிந்து, விளிம்போடு விளிம்பு சேர்ந்து, ஜரிகை உள்பக்கம் போயிருந்தது.

"இதை யாராவது தொட்டீங்களா?"

"யாரும் தொடலை. நாங்க பார்த்தப்பவே இப்படித்தான்."

"தங்கமான திருடன் மேடம்," என்றான் ஜெகநாதன். "கோப்பையை எடுத்துகினு துணியை மடிச்சு வெச்சிட்டுப் போயிருக்கான். என் பொண்டாட்டி கல்யாணம் ஆன நாளா என்கிட்ட எதிர்பார்க்கறது இதைத்தான்."

கமலாவதி துணியை உதறித் தெய்வநாயகியிடம் நீட்டினாள். "மடிங்க."

தெய்வநாயகி முறைத்துக்கொண்டே மடித்தாள். போர்வை மடிக்கிற மடிப்பு. ஜரிகை வெளியே பளபளத்தது. கமலாவதி அதை மறுபடி உதறி, "நீ மடி," என்று பத்மகுமாரிடம் கொடுத்தாள். அவன் இன்ஸ்பெக்டர் வரும் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே, துணியைப் பார்க்காமலேயே மடித்தான். விளிம்போடு விளிம்பு. ஜரிகை உள்ளே.

எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள். கடைசியில் அவனும் பார்த்தான்.

"அக்கா! நான் இல்ல! நான் ஆட்டத்துல மார்க் குறிச்சுகினு இருந்தேன்! அத்தனை பேரும் சாட்சி!"

"தெரியும். உன்னை மாதிரி ஒருத்தன். கடையில நாளெல்லாம் புடவையை விரிச்சு விரிச்சுக் காட்டி மடிக்கிற கை. பட்டு கைக்கு வந்தா மடிச்சிட்டுத்தான் அடுத்த வேலை. ஜரிகை உரசிக் கறுத்துப் போகக் கூடாதுன்னு கைக்கே தெரியும். மனசு திருடப் போயிருந்தாலும் கை கடையில இருந்துச்சு."

"அப்ப தெய்வநாயகி இல்ல," என்றான் ஜெகநாதன். "காலையில ஆட்டம் பார்க்க வந்த பெங்களூர் பட்டுநூல் புரோக்கரு? அவருக்குப் பாவு வழக்கமெல்லாம் தெரியாது. ஒரே தாண்டு. மதியமே பஸ் ஏறிட்டாராம். முடிஞ்சுது கேஸு."

"அவர் நூல் கட்டு விக்கிறவர். புடவை மடிச்சிருக்க மாட்டார். ஆனா யாராவது பாவைத் தாண்டினாங்களான்னு கேட்டுடலாம். வண்டியை எடு."

காலையில் பாவு போட்டவள் சின்னம்மாள். அவள் வீட்டுத் தெருவில் வாசலுக்கு வாசல் தறிச் சத்தம். லாம்பியின் சத்தம் அதில் காணாமல் போனது. சின்னம்மாள் வாசலில் உட்கார்ந்து, நிச்சயத்துக்குக் கொண்டுபோகப் பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாவைத் தாண்டறதா?" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "தாண்டியிருந்தா அந்தக் காலை நீங்க இங்க வந்து பார்த்துட்டுப் போகலாம். ஆளு தாண்டலை. ஒரே ஒரு பந்துதான் வந்துச்சு."

"யாரோட பந்து?"

"பட்டுக்கடை முதலாளிதும்மா. டொக்குனு அடிச்சாரு, பாவுக்கு மேல பறந்து வந்து என் காலாண்ட விழுந்துச்சு. நான் அப்ப கொட்டகைப் பக்கம் நின்னுகினு பிரஷ் போடறேன். பாவுமேல கையை நீட்டி, 'இந்தாங்க முதலாளி'ன்னு குடுத்தேன். வாங்கலையே! 'விதின்னா விதிதான் சின்னம்மா. அங்கயே போடு, நான் சுத்தி வந்து எடுக்கறேன்'னாரு. ஷூவைக் கழட்டி வெச்சிட்டு வெயில்ல வெறுங்காலோட சுத்தி வந்தாரு. தோத்துகினு இருந்தாரு பாவம், அப்பவும் விதியை மீறலை. எல்லாரும் அந்தப் பக்கம் நின்னு கைதட்டினாங்க."

"வந்து பந்தை எடுத்துகினு உடனே போயிட்டாரா?"

"நான் எங்கம்மா பார்த்தேன்? கஞ்சி காயறதுக்குள்ள நீவணும். முதுகுல கண்ணா இருக்குது?"

கமலாவதி எழுந்தாள். முகத்தில் லேசான சிரிப்பு.

ஸ்கூட்டர் திரும்பும்போது ஜெகநாதன் புலம்பினான். "ஒண்ணும் தேறலை மேடம். தாண்டினவனும் இல்ல, சுத்தினவனும் இல்ல. ஒரே பேஜார். முதலாளி ஒருத்தர்தான் யோக்கியமா விதிப்படி நடந்திருக்காரு."

"ஏன் நடந்தாரு?"

"விதி."

"கையில கொண்டுவந்து குடுத்த பந்தை வேணாம்னுட்டு அவ்வளவு தூரம் சுத்தி நடக்கச் சொல்ற விதி எது? பந்து அங்கயே கிடந்தாத்தான் சுத்திப் போய் எடுக்கணும். அந்தப் பலகையில இருக்கற விதியில பாதி, இந்த மனுஷன் பந்து எங்கெல்லாம் மாட்டிச்சோ அங்கெல்லாம் அவரே எழுதிகினதுன்னு பத்மகுமார் முன்னாடியே சொல்லியிருக்கான். தனக்குச் சௌகரியம்னா விதியை வளைக்கிறவரு, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விதிக்காக வெயில்ல நடந்திருக்காரு."

லாம்பி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"ஆனா மேடம், கிணத்தாண்ட யாரும் வரலைன்னு தெய்வநாயகி சொல்லுதே?"

"அதைத்தான் கேட்கப் போறோம்."

தெய்வநாயகி கிணற்றடியில் காசியம்மாளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பெண் அழுது முடித்திருந்தாள். தாய் இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை.

"காலையில தண்ணி இறைக்கும்போது இந்தப் பக்கம் யார் வந்தாங்க?"

"எத்தனை வாட்டிம்மா கேப்பீங்க? யாரும் வரல."

"முதலாளி?"

"அவரு வந்தாரு." தெய்வநாயகி சீப்பை நிறுத்தாமல் சொன்னாள். "பந்து எடுக்க வந்தாரு. 'இன்னா தெய்வநாயகி, மோர் ரெடியா'ன்னு கேட்டுகினே போனாரு."

"அதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"அவங்க கேட்டது, வெளியாளு யாராவது வந்தாங்களான்னு. இது அவரு நிலம், அவரு கொட்டகை, அவரு கோப்பை. அவரு வந்ததைப் போய் ஒரு சமாச்சாரம்னு சொல்லுவாங்களாம்மா?"

பட்டப்பகலில், ஒரு கூட்டமே கைதட்ட நடந்து போன ஆளை ஒருத்தர்கூடப் பார்த்திருக்கவில்லை.

"பந்து எடுத்துட்டு நேரா திரும்பினாரா?"

"புத்தாண்ட போய் விழுந்து கும்பிட்டாரு. துண்டை இப்படி மார்ல அணைச்சுகினு. தோக்கற நேரத்துல ஆத்தா ஞாபகம் வரத்தானே செய்யும்?"

புற்று கொட்டகைக்குப் பின்புறம் ஆள் உயரத்துக்கு நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றியிருந்தது. காலையிலிருந்து மைதானம் முழுக்கச் சலித்துத் தேடியவர்கள் இந்த இடத்தைக் கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போயிருந்தார்கள். ஐந்தாம் விதி.

கமலாவதி ரங்கசாமியை மட்டும் அங்கே அழைத்து வரச் சொன்னாள். அவர் வந்தார். புற்றைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஷூவைக் கழற்றினார்.

"பந்துக்கு விதி இருக்கு முதலாளி," என்றாள் அவள் மெதுவாக. "கோப்பைக்கு இல்ல. நீங்களே எடுத்துடுங்க. ஜெகநாதனை எடுக்கச் சொன்னா பாம்பு பேரைச் சொல்லி லீவு கேட்பான்."

ரங்கசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, சிவப்புத் துணியின் மடிப்புக்குள் கைவிட்டு வெள்ளிக் கோப்பையை எடுத்தார்.

"உங்க கோப்பையை நீங்களே திருடறதுக்கு இவ்வளவு கஷ்டமா?" என்று கோப்பையை வாங்கிய ஜெகநாதன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பாத்திரக்கடையில் குடத்துக்கும் தவலைக்கும் பேர் வெட்டுவது போலவே அதிலும் வெட்டியிருந்தது. "எழுபத்தொம்பது, ரங்கசாமி. எண்பது, ரங்கசாமி. எண்பத்தொண்ணு, ரங்கசாமி. எண்பத்திரண்டு, ரங்கசாமி. எண்பத்து மூணு..."

நிறுத்தினான். இன்னொரு தடவை படித்தான்.

"எண்பத்து மூணு, ரங்கசாமி! சார், இந்த வருஷம்தான் எண்பத்து மூணு. இன்னைக்குக் காலையில ஜெயிச்சது தணிகாசலம்!"

ரங்கசாமி புற்றுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாலிஷ் போடக் கொண்டுபோனேன்மா. பேர் வெட்டறவன் சும்மா உட்கார்ந்திருந்தான். 'இந்த வருஷமும் நீங்கதானே முதலாளி, இப்பவே வெட்டிடட்டுமா'ன்னான். வெட்டுடான்னுட்டேன். இந்தத் தணிகாசலம் இப்படி ஆடுவான்னு யாருக்குத் தெரியும்? ஆறாவது குழியிலயே கதை முடிஞ்சுது. சாயங்காலம் அத்தனை பேர் எதிர்ல துணியைத் தூக்கினா என் பேரு! தோத்ததைக்கூடத் தாங்கிக்குவேன். ஜெயிக்கறதுக்கு முன்னாடியே பேர் வெட்டிகினவன்னு ஊரு சிரிச்சா, கடையில எப்படிம்மா உட்காருவேன்?"

ஜெகநாதனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கமலாவதியின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான். அவள் கோபமாக இருந்தாள். கேஸ் முடியும்போது அவள் கோபப்பட்டு அவன் பார்த்ததில்லை.

"உங்க பேரைச் சொல்லி ஊரு சிரிக்கக் கூடாது. அதுக்காகத் தெய்வநாயகி பேரைச் சொல்லி ஊரு காறித் துப்பலாமா?"

"நான் அவ பேரைச் சொல்லவே இல்லையேம்மா!"

"ஆமா. காலையில இருந்து சும்மாதான் உட்கார்ந்திருந்தீங்க. அவங்களைத் திருடின்னு சொல்லும்போதும் சும்மாதான் உட்கார்ந்திருந்தீங்க."

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "கோப்பையைக் கிணத்துல போட்டுடறேன். புதுசா வாங்கிடறேன். அந்தப் பொண்ணுக்கு என் கடையிலயே உசத்தியான கல்யாணப் புடவை தரேன். புதர்ல கிடைச்சுதுன்னு நீங்க ஒரு வார்த்தை..."

"புதர்ல கிடைச்சுதுன்னு நான் சொன்னா, போட்டது யாருன்னு ஊரே முடிவு பண்ணிக்கும். அதுலயும் அவங்க பேருதான் வரும். புடவையை யாரு கேட்டா? அவங்க கேக்கறது அவங்க பேரை."

ரோட்டில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. வெற்றிலைத் தட்டும் பழக்கூடையுமாகக் கொஞ்சம் பேர் இறங்கி மைதானத்தைப் பார்த்து நடந்து வந்தார்கள். முன்னால் வந்தது வாட்டசாட்டமான ஒரு அம்மாள். பின்னால் புதுச்சட்டை போட்ட பையன். எதிர்ப்பக்கம் இன்ஸ்பெக்டரின் ஜீப்பும் திரும்பியது.

"ஜல்தி முதலாளி," என்றான் ஜெகநாதன். "மைக் ஆன்ல இருக்கு. நான் செக் பண்ணிட்டேன்."

ரங்கசாமி எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் வெறுங்காலோடு மேடைக்கு நடந்தார். நாற்காலிகள் நிரம்பியிருந்தன. சம்பந்தி வீட்டார் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து ஓரமாக நின்றார்கள். தெய்வநாயகி அவர்களை வாங்க என்று கூப்பிட முடியாமல் கொட்டகை வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோப்பையைத் திருடினது நான்தான்," என்றது லவுட் ஸ்பீக்கர்.

அப்புறம் எல்லாம் வந்தது. பாத்திரக்கடை, முன்கூட்டியே வெட்டின பேர், பாவுக்கு மேலே வேண்டுமென்றே அடித்த பந்து, வெயிலில் நடந்தது, வாங்கின கைதட்டல், புற்றில் சுற்றிய துணிக்குள் ஒளித்தது. ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே ஒரு தைரியம் வந்த மாதிரி இருந்தது. பிறகு தணிகாசலம் எழுந்தான்.

"கோப்பையை நீங்களே வெச்சிக்கோங்க முதலாளி. எண்பத்து நாலையும் இப்பவே வெட்டிடுங்க. எனக்குப் பயமா இருக்கு, அடுத்த தடவை என்னையே புத்துல வெச்சிடுவீங்க."

ஆரணி சிரித்தது. அவர் எந்தச் சிரிப்புக்குப் பயந்தாரோ, அதே சிரிப்பு. அதைக் கேட்டும் அவர் சாகவில்லை. அவரும் அசடு வழியச் சிரித்துவிட்டார். பத்மகுமார் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜவ்வாது மலைப்பக்கம் சூரியன் இறங்குவதற்குள் கமலாவதி கடைசி இட்லியை வாயில் போட்டுக்கொண்டாள்.

தெய்வநாயகி சிரிக்கவில்லை. தூணை விட்டுவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்குக் கீழே வந்து நின்றாள்.

"மைக்குல ஊருக்குச் சொல்லிட்டீங்க. எனக்கு?"

ரங்கசாமி மேடையிலிருந்து இறங்கினார். "தெய்வநாயகி, மன்னிச்சிடு."

"என் சம்பந்தி நிக்கிறாங்க முதலாளி. காலையில என்னைத் திருடின்னப்ப ஊரே கேட்டுச்சு. இப்ப மரியாதையா சொல்லுங்க."

அந்த ஊரில் எந்த முதலாளியும் எந்த வேலைக்காரியிடமும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. ரங்கசாமி ஒரு கணம் தயங்கினார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிச்சிடுங்க தெய்வநாயகியம்மா."

அதுவரைக்கும் அழாமல் இருந்த தெய்வநாயகிக்கு அப்போதுதான் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

கலசப்பாக்கத்து அம்மாள் இதையெல்லாம் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றிலைத் தட்டை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. தெய்வநாயகி அந்தத் தட்டையே பார்த்தாள். இப்படிச் சந்தி சிரித்த இடத்தில் யார் தாம்பூலம் மாற்றுவார்கள்?

அந்த அம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"டேய், நல்லா பார்த்துக்கோ. பொண்ணோட அம்மாவுக்கே முதலாளி கையெடுத்துக் கும்பிடறாரு. இந்த வீட்டுப் பொண்ணுக்கு நீ இன்னா இன்னா பண்ண வேண்டியிருக்குமோ, இப்பவே யோசிச்சுக்கோ."

பையன் கொட்டகை வாசலில் நின்ற காசியம்மாளைப் பார்த்தான். அழுத கண்ணோடு அவளும் பார்த்தாள்.

"யோசிச்சுட்டேன்மா," என்றான். அம்மாவின் இடுப்பிலிருந்த தட்டைத் தானே வாங்கித் தெய்வநாயகியிடம் நீட்டினான்.